ஏழு மாசமுங்க

"ஏனுங்க, கொஞ்சம் எந்திரிச்சு எடம் குடுக்கறீங்களா? ஏழு மாசமுங்க. நிக்க முடியலீங்க."

அன்புக்கரசி இப்படிக் கேட்டதும், பின்னால் பையோடு நின்றிருந்த அவள் கணவன் கதிருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஏழும் இல்லை, எட்டும் இல்லை. அவர்களுடைய இரட்டைப் பிள்ளைகள் யூகேஜி படிக்கிறார்கள். ரெண்டோடு போதும் என்று பிரசவத்தின்போதே ஆபரேஷனும் செய்தாகிவிட்டது.

காந்திபுரத்தில் கிளம்பிய சத்தியமங்கலம் பஸ். முகூர்த்த நாளாகையால் கூட்டம் பிதுங்கியது. சத்தியில் கதிரின் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம். பிள்ளைகளைக் கதிரின் தம்பி முந்தின நாளே கூட்டிப் போய்விட்டான். தம்பி மனைவி பிரவீனாவுக்கு ஆபீசில் லீவு கிடைக்காததால், அவள் இன்று இவர்களோடு வந்தாள்.

கேட்டது ஒரு வேட்டிக்காரரிடம். மனிதர் பதறி எழுந்துவிட்டார். அன்புக்கரசி அதோடு விட்டாளா? வாந்தி வந்தால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், இவளும் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று பிரவீனாவைக் காட்டினாள். அவர் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த தன் மச்சானையும் தட்டி எழுப்பிவிட்டார்.

பிரவீனாவை ஜன்னலோரம் தள்ளிவிட்டு, அன்புக்கரசி இந்தப் பக்கம் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டாள். நடிப்பு அமோகமாக இருந்தது.

கதிர் பம்ப் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்ப்பவன். நூலிழை பிசகினாலும் ஒப்புக்கொள்ள மாட்டான். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

பொய்யைவிட, பொய் சொன்ன ஆள்தான் அவனுக்குப் பெரிய ஆச்சரியம். அந்த வயிற்றால் அவள் பட்ட பாடு கொஞ்சமா? பிள்ளைகள் பிறந்த பிறகும் அது உள்ளே போகவில்லை. கொள்ளு ரசம் குடித்தாள், பெல்ட் போட்டாள், விடியற்காலையில் எழுந்து நடந்தாள். கை கால் இளைத்தது, வயிறு மட்டும் அப்படியே நின்றது. ரெட்டைப் பிள்ளை சுமந்ததில் தசை விலகிவிட்டது, முழுசாகப் பழையபடி ஆவது சந்தேகம்தான் என்றார் டாக்டர்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் ஒருத்தி, "ஏன் அம்மணி, மறுக்கா விசேஷமா?" என்று கேட்டுவிட்டாள். அன்புக்கரசி பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து, இனிமேல் எந்த வீட்டு விசேஷத்துக்கும் வரமாட்டேன் என்று அழுதாள். இன்றைக்கே கதிர் கெஞ்சித்தான் கூட்டி வந்திருக்கிறான்.

அப்படிப்பட்டவள், உட்கார ஒரு சீட்டுக்காக இந்த அளவுக்கு இறங்கிவிட்டாளே என்று அவனுக்கு வேதனையாக இருந்தது.

இடம் கொடுத்தவர் பெயர் பாலுசாமி. கதிரின் தோளோடு தோள் நின்றுகொண்டு, எந்த ஆஸ்பத்திரி, வளைகாப்பு எப்போது என்று விசாரித்துக்கொண்டே வந்தார். கதிர் எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தலையை ஆட்டினான்.

"வயித்தைப் பாத்தா ரெண்டு புள்ளையாட்டம் தெரியுதுங்களே" என்றார் பாலுசாமி.

"ரெண்டுதானுங்க" என்றான் கதிர். அந்தப் பயணத்தில் அவன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான்.

விஷயம் கண்டக்டர் காதுக்கும் போய், அவர் டிரைவரிடம் சொல்ல, வேகத்தடைகளில் எல்லாம் பஸ் பூப்போல ஏறி இறங்கியது. பாலுசாமி தன் மகளுக்கென்று வாங்கிய நெல்லிக்காயில் ஒரு கை அள்ளிக் கொடுத்தார். அன்புக்கரசி கூச்சமே இல்லாமல் வாங்கிப் பிரவீனாவின் மடியில் போட்டாள். அன்னூரில் இறங்கும்போது, நல்லபடியாகப் பெத்துப் பிழைக்க வேண்டும் அம்மணி என்று அவர் வாழ்த்திவிட்டுப் போக, கதிர் கூனிக் குறுகிப் போனான்.

சத்தியில் இறங்கியதும் பிரவீனா முகம் கழுவக் குழாயடிக்குப் போனாள். கதிர் அதுவரை அடக்கி வைத்திருந்ததைக் கொட்டினான்.

"ஏழு மாசம்னு வாய் கூசாம சொல்லிப்போட்டயே. பாவம், அந்த மனுசன் அன்னூரு வரைக்கும் நின்னுட்டே வந்தாரு. ஒரு சீட்டுக்கு இத்தனை பொய்யா?"

அன்புக்கரசி குழாயடியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவரு நின்னா காலு வலிக்குமுங்க. பிரவீனா நின்னிருந்தா மயங்கி உழுந்திருப்பா. அவளுக்கு ரெண்டு மாசமுங்க."

கதிர் சட்டென்று குழாயடிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

போன வருசம் நாள் தள்ளினதுமே எல்லாரிடமும் சொல்லி, அது தங்காமல் போனதில் அந்தப் பெண் ஒடிந்துவிட்டாள் என்றாள் அன்புக்கரசி. இந்தத் தடவை மூன்று மாதம் முடிகிறவரை யாருக்கும் சொல்லக் கூடாது என்று கையடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாளாம். விசேஷத்துக்கு வரவில்லை என்றால் ஆளாளுக்குக் காரணம் கேட்பார்கள் என்று பயந்துதான் கிளம்பியிருக்கிறாள். பஸ் ஏறி நாலு நிமிஷத்தில் கண் இருட்டுகிறது என்று அன்புக்கரசியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. பாவம், சந்தோசமா அவளே சொல்லட்டும்."

"செரி, அவளுக்கு ஒடம்பு செரியில்லைன்னு எடம் கேட்டிருக்கலாமல்லொ?" என்றான் கதிர், சுரத்தில்லாமல்.

"கேட்டா நீங்களே மொதல்ல என்ன ஏதுன்னு நோண்டியிருப்பீங்க" என்று சிரித்தாள் அன்புக்கரசி. முந்தானையை இழுத்து வயிற்றை மூடாமல், பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அவளுக்கு இன்னும் வயிறு வரலீங்க. எங்கிட்டத்தான் சும்மா கெடக்குதே, இரவல் குடுத்தேன்."