பிடரியில் ஐஸ்
காசிமேட்டில் மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. ஐஸ் உடைக்கும் எந்திரத்தின் இரைச்சலுக்குப் பக்கத்தில் இன்னாசி சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துவிட்டு, நொறுங்கிய ஐஸை அள்ளிப் பிடரியில் தேய்த்துக்கொள்கிறார். அடுப்படியில் நின்றவர்போல் முகம் கன்றி வியர்த்துக் கொட்டுகிறது. புராஸ்டேட் புற்றுக்குத் தீனியாகும் ஆண் ஹார்மோனை அடக்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியின் அனல் இது. மனைவி டோரதிக்கு மட்டும்தான் தெரியும். “இன்னா மாமு, காலீலயே ஏத்திகினு வந்துட்டியா?” வலையை உதறியபடி தாமோதரன் சிரிக்கிறான். மாதாவுக்கு நேர்ந்துகொண்டு பதினோரு வருடமாகக் குடியைத் தொடாத இன்னாசி, “ஆமாடா, நைட்டு கொஞ்சம் ஓவராயிட்ச்சு” என்கிறார். சொல்லிவிட்டு, மீன்கூடையோடு பக்கத்தில் நிற்கும் டோரதியைப் பார்க்காமல் கடலைப் பார்க்கிறார். அந்தப் பதினோரு வருடத்தைத் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தவள் அவள். கூடையைக் கீழே வைக்கிறாள். “யோவ், மாதா முன்னாடி சத்தியம் பண்ட்டு இப்டி குட்ச்சிட்டு வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்துகிறாள். கத்திக்கொண்டே, அவர் கைக்கு எட்டாத நடுமுதுகில், முந்தானையில் சுற்றிய ஐஸை வைத்து மெல்ல அழுத்துகிறாள்.