வாய் மூடிய எடைமேடை

கும்மிடிப்பூண்டி உருக்காலையின் எடைமேடை அறையில் கணினி மறுபடியும் ஹேங் ஆகி நிற்கிறது. எடையில் ஏமாற்றுகிறார்கள் என்று லாரிக்காரர்கள் சண்டை போட்ட பிறகு, எடையை உரக்கச் சொல்ல ஸ்பீக்கர் வைத்தார்கள். நேற்று கணினியில் சவுண்டு டிரைவர் மென்பொருளை மாற்றியதிலிருந்து, அது பேசத் தொடங்கினாலே திரை உறைந்துவிடுகிறது. வெளியே பழைய இரும்பு ஏற்றிய லாரிகளின் ஹாரன் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. எடை போடும் ஜெனிபர் பல்லைக் கடித்துக்கொண்டு கணினியை அணைத்துத் திரும்பப் போட்டு, சவுண்டையே முடக்குகிறாள். திரையில் எடை பச்சையாக ஒளிர்கிறது. எடைச் சீட்டை ஜன்னல் வழியே நீட்டுகிறாள். மேடைமேல் லாரியை நிறுத்தியிருக்கும் கலியன் அதைத் தொடவில்லை. "இன்னாம்மா, மிஷின் வாயைக் கட்டிட்டு சீட்டு நீட்டுற? அது சொல்லணும், எல்லாரும் கேக்கணும்." "பேசுனா ஹேங் ஆவுது! வெயிட்டு கரெக்டாதான் கீது, எடுத்துக்கினு போய்யா." கலியன் இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான்.