ஏசியை அணைத்தவள்

"மறுபடி ஏசியை யார் அணைச்சது?"

டீம் லீடர் கேட்டதும் எல்லாத் தலையும் கடைசி மேஜைப் பக்கம் திரும்பியது. அங்கே கழுத்து வரை சால்வையைப் போர்த்திக்கொண்டு, "உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டோம் சார்" என்று போனில் யாரையோ சமாதானம் செய்துகொண்டிருந்தாள் கம்பளி. சால்வையோடு வந்த அன்றே அலுவலகம் சூட்டிய பட்டம். நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் கம்பளி.

போனை வைத்துவிட்டு, "நான்தான். குளிருது" என்றாள்.

"கொஞ்ச நாளா இதே கூத்து. உங்க ஒருத்தருக்காக நாங்க எல்லாரும் வேகணுமா?"

"வெந்தாலாவது பதமா ஆவீங்களான்னு பார்க்கிறேன்."



அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரி மேஜைக்கு அடியில் முழங்காலை அமுக்கிக்கொண்டாள். வேலைக்குப் புதுசு. பிறவியிலேயே அரிவாள் செல் நோய். வட்டமாக வழுக்கி ஓட வேண்டிய ரத்த அணுக்கள், குளிர் பட்டால் போதும், அரிவாளாக வளைந்து ரத்தக் குழாயை அடைத்துக்கொள்ளும். அப்புறம் எலும்புக்குள் துளை போடுகிற வலி, ஆஸ்பத்திரி, லீவு. போன வேலை அப்படித்தான் போனது. "அடிக்கடி படுத்துக்கிற ஆளை வெச்சு நாங்க என்னம்மா பண்றது?" என்று மரியாதையாகவே அனுப்பிவைத்தார்கள். அதனால் இங்கே மூச்சு விடவில்லை. வேலை நிரந்தரமாகிற வரை விடுவதாகவும் இல்லை.

பக்கத்தில் குளிர் தாங்காத ஒருத்தி வாய்த்தது அதிர்ஷ்டம். வெதுவெதுப்பு இவளுக்கு, திட்டு அவளுக்கு.

"பேசிப் பிரயோஜனமில்ல" என்றார் டீம் லீடர். "மாடியில பழைய ஃபைல் ரூம்ல ஏசி கிடையாது. இவங்க அங்கே போகட்டும்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க."

கைகள் மளமளவென்று எழுந்தன. இவள் கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

"உனக்கு என்னம்மா? உடம்புக்கு ஏதாவதா?"

அவர் சும்மாதான் கேட்டார். ஆனால் அத்தனை கண்ணும் இவள் மேல்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றாள். கையைத் தூக்கினாள்.

கம்பளி அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி, போறேன். அங்கே குவிஞ்சு கிடக்கிற ஃபைலைத் தனியா அடுக்க என்னால ஆகாது. கூட ஒரு ஆள் வேணும்." விரல் நேராக இவளைக் காட்டியது. "இவளைக் குடுங்க."

"பழி வாங்குறா பாரு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். "பாவம், வாயில்லாப் பூச்சி."

டீம் லீடருக்குத் தொல்லை விட்டால் போதும். தலையாட்டிவிட்டார்.

கம்பளி முன்னால் மாடிப்படி ஏறினாள். இவள் பின்னாலேயே போனாள். கதவைத் திறந்ததும் அடுப்படி மாதிரி வெக்கை முகத்தில் அடித்தது.

"அக்கா, நான் வேணும்னு கையைத் தூக்கல..."

"தூக்கினதுதான் புத்திசாலித்தனம். இல்லேன்னா தோண்டித் துருவியிருப்பாங்க." சால்வையை உருவி நாற்காலியில் எறிந்தாள். ரவிக்கை முதுகெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது. "அந்த ஃபேனை என் பக்கம் திருப்பு. உன் மேல காத்துப் படாம பார்த்துக்க."

"உங்களுக்குத்தானே குளிருதுன்னு..."

"எனக்காடி? உட்கார், முதல்ல தண்ணி குடி. மஞ்சக் கண்ணும், மேஜைக்கு அடியில முழங்காலை அமுக்கிக்கிறதும் எனக்குத் தெரியாதாக்கும்? என் பொண்ணும் இதே நோயை இப்படித்தான் மறைச்சுக்கிட்டு வேலைக்குப் போறா."

முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ ஆஃபீஸ்ல ஏசியை அணைக்க யாருமில்ல."