இந்த வருஷச் சில்வண்டுகள்

"இந்த வருசம் இன்னாய்யா இத்தினி சில்வண்டு? காது கிழியுது" என்றாள் அடைக்கலமேரி, சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே.

நைட் ஷிப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த இக்னேஷியஸ் திரும்பவில்லை. "வெயில் காலம். அப்டித்தான் கத்தும்."

"போன வருசம் இன்னா, மழையா பேஞ்சிச்சு? ஒண்ணுகூட கத்தலியே."

"நாளைக்கு வேற மருந்து அடிக்கிறேன், வுடு."

பத்து நாளாக இதே பேச்சு. எண்ணூர்க் கடைகளில் இருந்த பூச்சி மருந்தையெல்லாம் அவர் அடித்துப் பார்த்துவிட்டார். சத்தம் குறையவில்லை. அவருக்கு எரிச்சல்கூட வரவில்லை. டப்பாவுக்காகக் கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை.

"இந்த வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்து இருவது வருசமாவுது. உன் கம்பெனி மிசின் இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட ராவெல்லாம் உறுமும். பக்கத்துல படுத்துகினு கீற பொண்ணு இருமினாகூட எனக்குக் கேக்காது. ராவுல நீ வூட்ல இருந்தாதான உனக்குத் தெரியும்?"

இக்னேஷியஸின் கை நீட்டியபடியே இருந்தது.

"பத்து நாளா ராவுல மிசின் ஓடல. அதான் சில்வண்டு கேக்குது. டப்பாவ தூக்கிகினு எங்கய்யா போய் குந்திகினு கீற?"

"ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன்ல" என்றார் அவர். "நைட் ஷிப்ட எடுத்துட்டாங்க மேரி. எங்களயும் சேத்து."

அவள் டப்பாவைத் திறந்து, தட்டில் சோற்றைக் கொட்டினாள்.

"சட்டைய கழட்டு. சூடா துன்னு."