மூன்றாவது நிமிடத்தில் ஒரு சத்தம்

திரையில் அந்த இடத்தைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

பிறவியிலேயே காது கேட்காது. வீட்டில் அவர்கள் எடுக்கும் ஒலிப்புத்தகப் பதிவில் இருக்கும் சத்தமெல்லாம் அவளுக்குத் திரையில் தெரியும் நிறங்கள்தான். வேண்டாத சத்தத்தைக் கணவன் காதால் தேடி எடுப்பதற்குள் அவள் கண்ணால் பிடித்துவிடுவாள். குக்கர் விசில் தடித்த கோடு. காகம் ஏணிப்படி. மவுஸால் வளைத்து ஓர் அழுத்து, ஆள் காலி.

இது புதிது.

வளைவுக்கு மேல் வளைவாக எழும்பி, விழுந்து, மறுபடி எழும்பி.

மூன்றாவது நிமிடம். அப்போது என்ன நடந்தது?

புத்தகம் வாசித்துக்கொண்டிருந்த ஞானப்பிரகாசம் சாரின் தாள்மேல் பல்லி விழுந்தது. ஓய்வுபெற்ற தாசில்தார், கதவைத் திறந்துகொண்டு ஓடினார். சமாதானம் சொல்ல இவள் கணவன் பின்னாலேயே ஓடினான்.

மைக்கை யாரும் அணைக்கவில்லை.

தனியாகத்தானே இருக்கிறோம் என்று இவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் இது.

பள்ளி விடுதியில் ஒருமுறை இவள் சிரித்தபோது, வார்டன் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்திக் காட்டினாள். இருபது வருஷமாக, ஆட்கள் முன்னால் உதட்டை இறுக்கிக்கொண்டுதான் சிரிப்பு.

கணவனைத் தட்டித் திரையைக் காட்டினாள். அசிங்கமா இருக்கா என்று கையால் கேட்டாள்.

அவன் போட்டுக் கேட்டான். இல்லவே இல்லை என்று தலையாட்டினான்.

அந்தத் தலையை நம்ப முடியாது. உப்பில்லாத ரசத்துக்கும் பிரமாதம் என்று ஆடுகிற தலை. அவ்வளவு நல்லவன், அதுதான் தொல்லை.

வெளியறையில் ஞானப்பிரகாசம் சார், தான் வாசித்த அத்தியாயத்தைக் கேட்கக் காத்திருந்தார். அவருக்கு விஷயம் தெரியாது. இச்சகம் பேசவும் தெரியாது.

ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டினாள். அந்தத் துண்டை மட்டும் ஓடவிட்டாள்.

தன் குரல் வரப்போகிறது என்று அவர் விறைப்பாக உட்கார்ந்தார்.

புருவம் சுருங்கியது.

அவள் கண்ணை எடுக்கவில்லை. வார்த்தையால் யாரையும் ஏமாற்றலாம். முகத்தையே படித்து வளர்ந்தவளை முகத்தால் ஏமாற்ற முடியாது.

அவர் மீசை அசைந்தது. தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கணவனிடம் என்னவோ கேட்டார்.

கணவன் கையால் சொன்னான்: "யார் வீட்டுப் பிள்ளை இதுன்னு கேக்குறார். இன்னொரு வாட்டி போடணுமாம்."

அவள் போட்டாள்.

இந்தத் தடவை அவளும் சேர்ந்துகொண்டாள்.