ஐந்தாவது மாடிக்கு வந்த ஏணி

"இந்த நகரத்துக்கு எந்தத் தீயணைப்பு ஏணி வண்டி வாங்கணும்னு முடிவு பண்ணினதே நான்தான்!" என்று மார்தட்டினார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிரவே இல்லை. "ஆமா, போன வாரம் விமானம் வாங்கிக் கொடுத்தீங்க."

"எதிர்க் கட்டடம் எரிஞ்சதுலேருந்து நீ தூங்கவே இல்லையேன்னுதான் வண்டி பார்க்கப் போனேன். மைதானத்துல மூணு வண்டி நிக்குது. எது அதிக உசரம் போகும்னு அதிகாரிங்க அடிச்சுக்கிறாங்க. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். தலைமை அதிகாரி என் கையைப் பிடிச்சவர் விடவே இல்லை."

"வெளியே தள்ளுறதுக்குப் பிடிச்சிருப்பார்."

அப்போது பால்கனிக்கு வெளியே ஏதோ உறுமியது. தெருவிலிருந்து நீண்ட ஏணியின் நுனியில், இரும்புக் கூண்டுக்குள் நின்றபடி தலைமை அதிகாரி சிரித்தார்.

"பயப்படாதீங்கம்மா, ஒத்திகைதான். 'தீப்பிடிச்சா லிஃப்ட் ஓடாது, என் சம்சாரத்தை எப்படி இறக்குவீங்க?'ன்னு சார் கேட்டார். உடனே மூணு வண்டியோட கூண்டையும் அளந்து பார்த்தோம். இந்த வண்டிக்குத்தான் கூண்டுக் கதவு அகலம். இதையே வாங்கிட்டோம். நீங்க எழுந்திருக்கவே வேண்டாம், சக்கர நாற்காலியோட அப்படியே வாங்க!"

டிரைவர் பால்கனித் தடுப்புக் கதவைத் திறந்து, நாற்காலியை மெல்ல உருட்டிக் கூண்டில் ஏற்றினார். தானும் தொற்றிக்கொண்டார்.

கூண்டு இறங்கியபோது நான்காம் மாடி ஜன்னலில் கீழ் வீட்டுப் பெண் வாயைப் பிளந்தாள். "அக்கா, என்னக்கா இது?"

"இதுவா?" என்றாள் மனைவி, கணவரின் கையை இறுகப் பிடித்தபடி. "எங்க வீட்டுக்காரர் பார்த்து எடுத்த வண்டி!"