ஹிஸ் ஷர்ட், ஹெர் கப்

அம்மா குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள்.

பக்கெட் நிரம்பி வழிந்தது. அப்போதும் மூடவில்லை.

"ஹிஸ் ஷர்ட்," என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "ஹிஸ் பெட்."

பாத்ரூம் கதவில் காதை வைத்து நின்றேன். உள்ளே போனிலிருந்து ஓர் ஆண் குரல்.

"சூப்பர்க்கா. இன்னொரு வாட்டி சொல்லுங்க."

அம்மா இன்னொரு வாட்டி சொன்னாள். சிரித்தாள்.

எங்கள் வீட்டில் சட்டை போடுகிற ஆள் யாரும் இல்லை. தங்கை பிரின்சி பிறப்பதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார்.

யாருடைய சட்டை?

யாருடைய கட்டில்?

இதை மெதுவாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரின்சி பக்கத்தில் தூங்குகிறாள். முழித்தால் கேள்வி கேட்பாள்.

*

அம்மா ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தாள். ஆர்டர் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம்தான் இந்தப் போன் பேச்சு.

எங்கள் பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் நான்தான் முதல். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள்.

என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

அதுதான் பயமாக இருந்தது.

வெங்காயம் நறுக்கும்போது அவள் உதடு அசையும். "ஆனியன். மை நைஃப். மேடம்ஸ் பிளேட்." நான் உள்ளே போனால் உதடு நின்றுவிடும். கத்தி மட்டும் ஓடும்.

ஒருநாள் துணி மடிக்கும்போது என் சுடிதாரைத் தூக்கிப் பிடித்தாள்.

"ஹெர் டிரஸ்."

நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்க்கவில்லை. எங்களுக்கு நடுவில் வேறு யாரோ நிற்பதுபோலச் சொன்னாள்.

யாரிடமோ என்னை 'அவள்' என்று சொல்லப் பழகுகிறாள்.

அந்தச் சட்டைக்காரனிடம்தான்.

அன்றிலிருந்து அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் நானும் கதவருகே போனேன். ஹிஸ் ஷர்ட், ஹெர் கப், தேர் பெட். குழாய்ச் சத்தத்துக்குள் யார் யாரோ இருந்தார்கள். நாங்கள் இல்லை.

*

சனிக்கிழமை காலை அம்மா வீட்டைத் துடைத்தாள். முகத்துக்குப் பவுடர் போட்டாள்.

"பிரின்சிய இட்டுக்கினு எலிசா அக்கா வூட்டுக்குப் போ. நான் கூப்டாத்தான் வரணும்."

"ஏம்மா?"

"சொன்னா கேளு."

எலிசா அக்கா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு.

"இன்னாடி, உங்கம்மா துரைசானி ஆயிட்டா போலக்குது? இங்கிலீஷ்லாம் தூள் பறக்குது!"

நான் ஒரு மொச்சையை எடுத்து உரித்தேன்.

"உங்கிட்ட சொல்லலியா? குவைத்துல வூட்டு வேலைடி. இன்னிக்கு அந்த மேடம் போன்ல பாக்குறாங்களாம். ஏஜென்ட்டுதான் எல்லாம் சொல்லிக் குடுத்தாராம். புள்ள குட்டி இருந்தா எடுக்க மாட்டாங்களாம், பாதியில ஓடியாந்துடுவாங்கன்னு. அதான் உங்க ரெண்டு பேரையும் ஆஸ்டல்ல வுட்டுட்டு..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சட்டைக்காரன் என்று யாரும் இல்லை. குவைத்தில் ஒரு வீடு. அந்த வீட்டு ஐயாவின் சட்டை. அந்த வீட்டு அம்மாவின் கப். எதை யாருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று படித்திருக்கிறாள்.

ஓர் ஆளாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஆளென்றால் அவன் இங்கே வந்திருப்பான். அம்மா இருந்திருப்பாள்.

பிரின்சியை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

*

கதவு ஒருக்களித்திருந்தது.

சுவரில் எங்கள் போட்டோ இல்லை. ஆணி மட்டும். என் ஸ்கூல் பை இல்லை. பிரின்சியின் சின்னச் செருப்பு இல்லை. கொடியில் யூனிஃபார்ம் இல்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு கோணிப்பை பிதுங்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் பிறக்காத வீடு.

அம்மா போனை ஒரு டப்பாமேல் சாய்த்து வைத்து, முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மை ஹவுஸ். மை ஸ்டவ். நோ சில்ட்ரன், மேடம்."

பிரின்சி என் கையை உதறினாள். ஓடிப்போய் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

போனில் இருந்த பெண் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஹூஸ் பேபி?"

அம்மா படித்ததில் இந்தக் கேள்வி இல்லை. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. போனுக்குத் தெரியாத இடத்தில் கால் நடுங்கியது.

கண்ணை மட்டும் திருப்பி, வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

முதல்முறையாக என்னிடம் ஆங்கிலம் கேட்டாள்.

ஒரே வார்த்தை போதும். அம்மா போக மாட்டாள்.

வார்த்தை வாய்வரை வந்தது. அந்தக் காலைப் பார்த்தேன்.

உள்ளே போனேன். அம்மாவின் கழுத்திலிருந்து பிரின்சியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"மை சிஸ்டர், மேடம். வி ஆர் ஹெர் நெய்பர்ஸ்."

பிரின்சி திமிறினாள். கத்தி அழுதாள்.

"ஒய் இஸ் ஷி க்ரையிங்? வேர் இஸ் யுவர் மதர்?"

நான் அம்மாவைப் பார்க்கவில்லை.

"குவைத், மேடம்," என்றேன்.

அந்தப் பெண் பாவமாகத் தலையாட்டினாள்.

அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள். கை மட்டும் பிரின்சியின் பக்கம் நீண்டு, பாதியில் நின்றது.